ஒரு தார் நேரத்து டீ

கல்யாணமான முதல் பொங்கலுக்கு என் அப்பா சீர் கொண்டுவந்தார். கொட்டாம்பட்டிப் பக்கத்து ஊரிலிருந்து பஸ் ஏறி, மதுரையில் டவுன் பஸ் மாறி, வில்லாபுரத்தில் நாங்கள் வாடகைக்கு இருந்த லைன் வீட்டு வாசலில் அரை மூட்டைப் பச்சரிசியை இறக்கிவைத்தார். அதன்மேல் வெல்லம், தேங்காய், மஞ்சள் கொத்து. சுவரில் சாய்த்து ஒரு கட்டுக் கரும்பு. முறையில் ஒரு குறை சொல்ல முடியாது. அவர் மட்டும் வாசற்படியைத் தாண்டவில்லை.

“வாங்கப்பா, உள்ள வாங்க” என்றேன்.

“புது அரிசி. தண்ணி கம்மியா வச்சு ஆக்கணும்” என்று நிலைக்கதவிடம் சொன்னார். ஆமாம், நிலைக்கதவிடம்தான். என் முகத்தைப் பார்க்கவில்லை.

“ஒரு சொம்புத் தண்ணியாச்சும் குடிச்சிட்டுப் போங்க.”

துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு தெருவைக் கடந்தார். எங்கள் வீட்டுக்கு நேர் எதிரே ஒரு டீக்கடை. அதன் பெஞ்சில் உட்கார்ந்து டீ சொன்னார். குடித்துவிட்டுக் கிளாஸை வைத்தார். இன்னொன்று சொன்னார். அதையும் நிதானமாகக் குடித்தார். நான் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு அந்த இரண்டு டீயையும் பார்த்தேன். பிறகு அவர் பஸ்ஸுக்குப் போய்விட்டார்.

இத்தனைக்கும் நான் செய்தது ஒன்றும் பெரிய குற்றமில்லை. மேலூருக்கு டைப்ரைட்டிங் கற்றுக்கொள்ளப் போய்வந்த பஸ்ஸில் கண்டக்டராக இருந்தவரைக் கட்டிக்கொண்டேன். எங்கள் ஆட்கள்தான், தூரத்து உறவுகூட உண்டு. ஆனால் அப்பா பார்த்த மாப்பிள்ளை இல்லை, நான் பார்த்த மாப்பிள்ளை. அது போதாதா? “அந்த வீட்டுல பச்சத்தண்ணி பல்லுல படாது” என்று அம்மாவிடம் சொல்லிவிட்டார். சொன்னால் சொன்னதுதான். பொங்கலுக்கு மகளுக்குச் சீர் கொடுப்பது அப்பனின் கடமை, அதை விடமாட்டார். தண்ணீர் குடிக்கமாட்டேன் என்றது அவர் சொன்ன வார்த்தை, அதையும் விடமாட்டார். இரண்டையும் ஒரே வாசலில் நின்று காப்பாற்றினார்.

என் வீட்டுக்காரர் என்ன செய்தார் என்கிறீர்களா? அப்பாவின் வேட்டி தெருமுனையில் தெரிந்ததுமே குடத்தைத் தூக்கிக்கொண்டு குழாயடிக்குப் போய்விட்டார். எண்பது பேர் அடைந்த பஸ்ஸில் ஒற்றைக் காலில் தொங்கிக்கொண்டு ஊரையே அதட்டுகிற மனுஷன். என் அப்பாவைக் கண்டால் மட்டும் அவருக்குத் தண்ணீர் பிடிக்கிற ஞாபகம் வந்துவிடும்.

அன்றைக்கு ஜன்னலில் நின்றபடியே ஒரு முடிவு எடுத்தேன். எதிர்த்த கடை டீயைவிட நல்ல டீயை என் அடுப்பில் நான் போடுவேன். என்றைக்காவது ஒரு நாள் என் அப்பா அதைக் குடிப்பார். அழுதுகொண்டே எடுத்த முடிவுதான், ஆனாலும் முடிவு முடிவுதான். அதில் இருந்த ஒரே சிக்கல், எனக்கு டீ போடத் தெரியாது.

எங்கள் ஊரில் டீ என்பது ஆண்கள் திருச்சி ரோட்டோரத்தில் லாரிக்காரர்களோடு நின்று குடிக்கிற விஷயம். வீட்டில் கருப்பட்டிக் காப்பி, விருந்தாளி வந்தால் சீனி போட்ட காப்பி, அவ்வளவுதான். பெண்பிள்ளைகள் டீக்கடைப் பக்கம் போவதில்லை. எனவே இருபத்தோரு வயதுவரை நல்ல டீ எப்படி இருக்கும் என்றே எனக்குத் தெரியாது. கல்யாணச் சாமான்களில் அம்மா ஒரு பித்தளைக் காப்பி பில்டர் வைத்திருந்தாள். நான் என்ன செய்தேன், அதன் மேல் டப்பாவில் நாலு கரண்டி டீத்தூளைப் போட்டு அமுக்கி, கொதிக்கிற தண்ணீரை ஊற்றி, காப்பிக்குக் காத்திருக்கிற மாதிரி காத்திருந்தேன். அரை மணி நேரம் கழித்துத் திறந்தால் மேலே சேறு, கீழே பத்துச் சொட்டு. அந்தப் பத்துச் சொட்டில் பாலை ஊற்றி அவரிடம் கொடுத்தேன்.

“நல்லாருக்கு” என்றார்.

அவர் எதைக் கொடுத்தாலும் நல்லாருக்கு என்பார். அவர் வாயை நம்பிப் பிரயோஜனமில்லை என்று ஒரு வாரத்தில் தெரிந்துகொண்டேன். குடித்துவிட்டுப் போன பிறகு கிளாஸின் அடியைப் பார்ப்பேன். அதில் எவ்வளவு மிச்சம் இருக்கிறதோ அதுதான் தீர்ப்பு. அந்த மாதம் முழுக்கக் கால் கிளாஸ், அரைக் கிளாஸ் என்று தீர்ப்பு வந்துகொண்டிருந்தது.

இந்த நேரத்தில்தான் பக்கத்து வீட்டு அக்காவின் டீ எனக்குக் கிடைத்தது. எங்கள் வரிசையில் ஆறு வீடுகள், எல்லாவற்றுக்கும் ஒரே ஓட்டுக்கூரை. நடுச்சுவர்கள் ஓடு வரைக்கும் போகாது, ஆள் உயரத்துக்கு மேல் திறந்தே கிடக்கும். ஒரு வீட்டில் தாளித்தால் அடுத்த வீட்டில் தும்முவார்கள். அக்கா என்னைவிட நாலைந்து வயது மூத்தவர். நெசவுக் குடும்பம். வீட்டுக்குள் அவர்களுடைய பாஷை, அதாவது சௌராஷ்ட்ரம். எங்களிடம் பேசும்போது சுத்த மதுரைத் தமிழ். முன்னறையில் தரையில் குழி வெட்டித் தறி போட்டிருந்தது. குழிக்குள் காலை விட்டு உட்கார்ந்து அவர் வீட்டுக்காரர் காலை ஏழு மணிக்கே ஆரம்பித்துவிடுவார். டக்-டடக், டக்-டடக் என்று அந்தச் சத்தம் எங்கள் வீட்டுக்குள் நாள் முழுக்க ஓடும். வந்த புதிதில் தலைவலி வந்தது. ஒரு மாதத்தில் அது நின்றால்தான் என்னவோ ஏதோ என்று இருந்தது.

ஒரு நாள் எனக்குக் காய்ச்சல். சாயங்காலம் நாலு மணிக்கு அக்கா கொல்லைப்பக்கமாக வந்து ஒரு கிளாஸ் டீயை நீட்டினார். அதைக் குடித்தபோது எனக்கு அவர்மேல் பொறாமையாகவே இருந்தது. இஞ்சி இருந்தது, ஆனால் இஞ்சி முந்திக்கொண்டு வரவில்லை. இனிப்பு இருந்தது, உதட்டில் ஒட்டவில்லை. குடித்து முடித்த பிறகும் வாயில் டீ இருந்தது, கசப்பு இல்லை. அப்பா பெஞ்சில் உட்கார்ந்து எதற்காக இரண்டாவது டீ சொன்னார் என்று அன்றைக்குத்தான் புரிந்தது.

“எப்பிடிக்கா போடுறீங்க? சொல்லிக்குடுங்க.”

“இதுல என்னடி சொல்லிக்குடுக்க இருக்கு? தூளப் போடு, மூடி வையி, எடு.”

“எப்ப எடுக்கணும்?”

“எடுக்கிறப்ப எடு.”

அவர் மறைக்கவில்லை. மறைக்கிற ஆளே இல்லை. சீயக்காய் எவ்வளவு என்று கேட்டால் கொடியே வளர்த்துத் தருவார். தான் என்ன செய்கிறோம் என்பது அவருக்கே தெரியாது, அதுதான் விஷயம். சரி, பார்த்தே தெரிந்துகொள்வோம் என்று தினமும் நாலு மணிக்கு ஏதாவது சாக்கு வைத்துக்கொண்டு அவர் அடுப்படிக்குப் போனேன். ஒரு நாள் உப்பு, ஒரு நாள் ஊசி, ஒரு நாள் சும்மா.

பார்க்கப் பார்க்க ஆச்சரியமாக இருந்தது. டீக்கென்று ஒரு சின்ன அலுமினியப் பாத்திரம். அதில் புளி போட்ட எதையும் யாரும் சூடாக்கக்கூடாது. கொதித்து ஆறிய தண்ணீரை மறுபடி கொதிக்கவைக்கமாட்டார், கீழே ஊற்றிவிட்டுப் புதுத் தண்ணீர்தான் வைப்பார். பால் தனியே காயும். இஞ்சியைத் தோல் சீவி, நசுக்கி, தண்ணீர் வைக்கும்போதே போட்டுவிடுவார். தண்ணீர் தளதளவென்று வந்ததும் பிடி உடைந்த ஒரு கரண்டியால் தூளை அளந்து போடுவார். பொங்கி எழுந்த நொடியில் இறக்கி, தட்டால் மூடுவார். மூடிய பிறகு ஒன்றும் செய்யமாட்டார். அடுப்பைத் துடைப்பார், எங்கேயோ பார்ப்பார். திடீரென்று தட்டை எடுத்துத் துணியில் வடிப்பார். வடித்ததில் பாலை ஊற்றி இரண்டே இரண்டு ஆற்று. மூன்றாவது ஆற்று ஆற்றினால் டீ ஆறிப்போகும் என்பார். வடிகட்டும் துணியை வெறும் தண்ணீரில் அலசி நிழலில் போடுவார். நான் உதவி செய்கிறேன் பேர்வழி என்று அதை ஒரு நாள் சோப்புப் போட்டுத் துவைத்து வைத்தேன். மறுநாள் டீயில் நுரை அபாரமாக வந்தது. அக்கா ஒரு வாய் குடித்துவிட்டு, “நல்லா வெளுத்திருக்கடி” என்றார்.

எல்லாம் புரிந்தது. அந்தத் திடீர் மட்டும் புரியவில்லை. கடிகாரம் பார்க்கிறாரா என்றால் அந்த வீட்டில் கடிகாரமே இல்லை. என் வீட்டில் ஒரு டைம்பீஸ் இருந்தது, குப்புறப் போட்டால் மட்டும் ஓடும். பத்துப் பன்னிரண்டு நாள் பார்த்த பிறகு ஒரு நாள் பிடிபட்டது. அவர் தட்டை எடுக்கிற நேரத்தில் தறிச் சத்தம் நிற்கிறது!

நெசவு பார்க்காதவர்களுக்காகச் சொல்கிறேன். தறியில் இடமும் வலமும் ஓடுகிற நாடாவுக்குள் ஒரு சின்னக் குச்சியில் நூல் சுற்றி வைத்திருப்பார்கள், அதற்குத் தார் என்று பெயர். தாரில் நூல் தீர்ந்ததும் நெய்கிறவர் நிறுத்தி அடுத்த தாரை மாட்டுவார். அந்த நேரம் சத்தம் நிற்கும். அக்கா நாலு மணிக்கு ஒரு தார் மாட்டும்போது தூளைப் போட்டு மூடுகிறார், அது தீர்ந்து தறி நிற்கும்போது திறக்கிறார். ஒரு தார் நேரம். கணக்கு அவ்வளவுதான்!

யாரிடமும் சொல்லவில்லை. மறுநாள் நாலு மணிக்கு என் அடுப்படியில் தயாராக நின்றேன். சுவருக்கு அப்பால் தறி நின்றது, தார் மாற்றினார், மறுபடி ஓடியது. தூளைப் போட்டேன், பொங்கியது, இறக்கி மூடினேன். தறி நின்றது, தட்டை எடுத்தேன். என் வீட்டுக்காரர் குடித்தார். நல்லாருக்கு என்று சொல்லவில்லை. கிளாஸைத் திருப்பிக் கொடுத்துவிட்டு என்னைப் பார்த்தார். கிளாஸின் அடியில் ஒரு சொட்டு இல்லை.

அதன் பிறகு டூட்டி முடிந்தால் பஸ் ஸ்டாண்டில் நிற்காமல் நேராக வீட்டுக்கு வர ஆரம்பித்தார். இரண்டு வீட்டிலும் ஒரே நேரத்தில், ஒரே தறிச் சத்தத்தில், இரண்டு டீ தயாரானது. இதற்காக நான் ஒரு பைசா வாடகை கொடுக்கவில்லை என்று எனக்கு ஒரே பெருமை.

இரண்டாவது பொங்கல் வந்தது. அப்பா வந்தபோது காலை பதினொரு மணி இருக்கும். மூட்டை, வெல்லம், மஞ்சள் கொத்து, கரும்பு. வீட்டுக்காரர் குடத்தோடு குழாயடியில். அப்பா தெருமுனையில் தெரிந்தபோதே நான் தண்ணீரை அடுப்பில் ஏற்றிவிட்டேன். தறி நின்றது, ஓடியது, தூளைப் போட்டேன், மூடினேன். வாசலில் அப்பா நிலைக்கதவிடம் கரும்பைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார். “இருங்கப்பா, ஒரு நிமிஷம்” என்று சொல்லிவிட்டு உள்ளே ஓடினேன். தறி இன்னும் ஓடிக்கொண்டிருந்தது. காத்திருந்தேன். ஓடியது. வாசனை வேறு மாதிரி வர ஆரம்பித்தது, மூக்கு எடு எடு என்றது. ஆனால் காது, இன்னும் நிற்கவில்லையே என்றது. பத்து மாதமாகக் காது சொல்லித்தானே போடுகிறேன், அதைத்தான் நம்பினேன். ஒரு வழியாகத் தறி நின்று, வடித்து, பால் ஊற்றி எடுத்துக்கொண்டு வந்தேன்.

அப்பா கிளாஸைப் பார்த்தார். “பஸ்ஸுக்கு நேரமாச்சு” என்று நிலைக்கதவிடம் சொல்லிவிட்டுத் தெருவைக் கடந்தார். பெஞ்சில் உட்கார்ந்தார். இரண்டு டீ.

கோபத்தில் அந்த டீயை நானே குடித்தேன். வாயில் வைக்க முடியவில்லை. நாக்கு தோல் மாதிரி ஆகிவிட்டது, அப்படி ஒரு கசப்பு. அப்பா குடிக்காமல் போனாரே என்று அழுவதா, நல்லவேளை குடிக்கவில்லை என்று சாமிக்கு விளக்குப் போடுவதா என்று தெரியவில்லை. கிளாஸை எடுத்துக்கொண்டு நேராக அக்காவிடம் போனேன். ஒன்று விடாமல் சொன்னேன், அவர் தறியை வைத்து நான் டீ போடுகிற கதை உட்பட.

அக்கா முதலில் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். பிறகு பொத்த முடியாமல் தரையில் உட்கார்ந்து சிரித்தார். முன்னறைக்குக் குரல் கொடுத்து அவர்கள் பாஷையில் எல்லாவற்றையும் சொன்னார். தறி நின்றது. அக்கா வீட்டுக்காரரான அந்த அண்ணன் அதிர்ந்து பேசாத மனுஷர். குடிவந்ததிலிருந்து அன்றைக்குத்தான் அவர் சிரித்துக் கேட்டேன்.

சிரித்து முடித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டு அக்கா ஒரு கூடையை என் முன்னால் இழுத்து வைத்தார். ராட்டையில் அவர் சுற்றி வைத்த தார்கள். எல்லாம் கொழுகொழுவென்று இருந்தன. ஒன்று மட்டும் நோஞ்சானாக ஓரத்தில் கிடந்தது.

“இது நாலு மணித் தாரு” என்றார். “மத்ததுல பாதிகூட நூல் இருக்காது. நீ பதினோரு மணிக்கு முழுத் தாருக்குப் போட்டா கசக்காம என்ன செய்யும்?”

அக்காவுக்குக் கல்யாணமான புதிதில், டீ ஆகிவிட்டது வாருங்கள் என்றால், அண்ணன் இந்தத் தார் முடியட்டும் என்பாராம். முழுத் தார் முடிவதற்குள் டீ ஆறிவிடும். சூடு பண்ணினால் அது வேறு டீ. நாலு மாதம் சொல்லிப் பார்த்துவிட்டு, அக்கா பேசுவதை நிறுத்திவிட்டார். நாலு மணித் தாரில் மட்டும் நூலைக் குறைத்துச் சுற்றிக் கொடுத்தார். டீ தயாராகிற நேரத்தில் நூல் தீர்ந்துவிடும். நூல் தீர்ந்தால் மனுஷர் எழுந்து வந்துதானே ஆகவேண்டும்?

தறியைக் கேட்டு அக்கா டீ போடுகிறார் என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன். டீக்காக அவர் தறியையே நிறுத்திக்கொண்டிருந்தார். ஒரு சண்டை இல்லை, ஒரு முணுமுணுப்பு இல்லை. ராட்டையில் சுற்றைக் குறைத்தார், காரியம் முடிந்தது. என் அப்பாவுக்கும் எனக்கும் அந்த மாதிரி ஒரு வழி தெரிந்திருந்தால் என்று நினைத்தேன். இத்தனை வருடம் கழித்தும், நான் பார்த்த கெட்டிக்காரர்கள் யார் யார் என்று யோசித்தால் முதலில் அந்த அக்காதான் ஞாபகத்துக்கு வருகிறார்.

“எனக்குத் தெரியாதாக்கும்?” என்று முன்னறையிலிருந்து அண்ணன் குரல் வந்தது. “கையில எடுத்தாலே வெயிட்டு தெரியும்ல.”

அக்கா திகைத்துப்போய், “தெரியும்னா எட்டு வருசமா ஏன் ஒண்ணும் சொல்லல?” என்றார்.

“டீ நல்லா இருந்துச்சு” என்றார் அண்ணன். தறி மறுபடி ஓடியது.

அடுத்த ஒரு வருடத்தில் நான் தறி இல்லாமலும் டீ போடக் கற்றுக்கொண்டேன். மூக்கு, நிறம், மனசுக்குள் ஒரு எண்ணிக்கை. விருந்தாளிகள் பாராட்டினார்கள். வீட்டுக்காரரின் கிளாஸ் காலியாகவே திரும்பி வந்தது. ஆனால் நான் யாருக்காகக் கற்றுக்கொண்டேனோ அவர் வருடத்துக்கு ஒரு முறைதான் வருவார், வந்தாலும் எதிர்த்த பெஞ்சில் உட்காருவார்.

மூன்றாவது பொங்கல். அப்பா மூட்டையை இறக்கும்போது மூச்சு வாங்கியது. முதல் வருடத்தைவிட மெலிந்திருந்தார். வீட்டுக்காரர் வழக்கம்போல் குடத்தோடு குழாயடிக்குப் போயிருந்தார். நிலைக்கதவிடம் அரிசியைப் பற்றி இரண்டு வார்த்தை சொல்லிவிட்டுத் தெருவைக் கடந்தார். கடை முன்னால் போய் நின்றவர் அப்படியே நின்றார். பலகை போட்டு அடைத்திருந்தது. கடைக்காரர் பொங்கலுக்கு ஊருக்குப் போய் இரண்டு நாளாகிறது. பெஞ்சை மட்டும் சங்கிலி போட்டுக் கட்டிவிட்டுப் போயிருந்தார். அப்பா அந்த வெறும் பெஞ்சில் உட்கார்ந்து துண்டால் முகத்தைத் துடைத்தார்.

எனக்கு எங்கிருந்து தைரியம் வந்ததோ, தெருவைக் கடந்து அவர் முன்னால் போய் நின்றேன்.

“அப்பா, கட இல்ல.”

“எப்பத் தொறப்பான்?” என்று பலகையைக் கேட்டார்.

“பொங்க கழிச்சுத்தான். இருங்க, நான் போட்டுக் கொண்டாறேன்.”

பஸ் வருகிற திசையைப் பார்த்தார். ஆனால் எழுந்திருக்கவில்லை. எழுந்திருப்பதற்குள் வந்துவிட வேண்டும் என்று உள்ளே ஓடினேன்.

இஞ்சி போட்டுத் தண்ணீர் வைத்தேன், கொதித்தது, தூள் போட்டேன், பொங்கியது, இறக்கி மூடினேன். அதுவரை எல்லாம் சரி. மூடிய பிறகுதான் தடுமாற ஆரம்பித்தேன். எண்ணிப் பார்த்தேன், இருபதுக்கு அப்புறம் நேராக அறுபது வந்தது. தட்டைத் தூக்கிப் பார்த்தேன், நிறம் வரவில்லை. மூடினேன். போய்விட்டாரோ என்று ஜன்னலுக்கு ஓடினேன், இருந்தார். திரும்ப வந்து தட்டைத் தூக்கினேன். எவ்வளவு நேரம் ஆயிற்று என்று தெரியவில்லை. வாசனை பிடிக்கலாம் என்றால் மூக்கு அழுகையில் அடைத்திருந்தது. தறி இருந்தால் கேட்டுக்கொள்ளலாம், அன்றைக்கென்று பார்த்துத் தறியும் இல்லை. சேலைகளை முடித்துக் கொடுத்துவிட்டு, அண்ணன் புதுப் பாவு, அதாவது நெய்யப்போகிற துணியின் நீள நூல், ஏற்றி இழை இழையாக முடிச்சுப் போட்டுக்கொண்டிருந்தார். அது சத்தமில்லாத வேலை. இரண்டு நாளாகத் தெருவே அமைதியாக இருந்தது.

“ஏண்டி தட்டத் தூக்கித் தூக்கி வக்கிற? இங்க வரைக்கும் கேக்குது” என்று சுவருக்கு மேலாக அக்காவின் குரல் வந்தது.

“அக்கா, அப்பா உக்காந்திருக்காருக்கா. எனக்கு ஒண்ணுமே தெரிய மாட்டேங்குது.”

“நான் போட்டுத் தரவா?”

“வேணாங்க்கா. நாந்தான் போடணும்.”

“அப்ப அத ஊத்திட்டுப் புதுசா வையி. தூளப் போட்டதும் ஒரு சத்தங்குடு” என்றார். பிறகு அவர்கள் பாஷையில் முன்னறைக்கு ஏதோ சொன்னார். எனக்கு அந்தப் பாஷை புரியாது. நடுவில் வந்த டீ என்ற சொல் மட்டும் புரிந்தது.

புதுத் தண்ணீர் வைத்தேன். ஸ்டவ் திரியை முழுக்க ஏற்றினேன். அது கொதிக்கிற வரைக்கும் ஜன்னலுக்கும் அடுப்புக்கும் எத்தனை தடவை நடந்தேன் என்று தெரியாது. தூளைப் போட்டேன். “போட்டுட்டேங்க்கா!”

டக்-டடக். டக்-டடக்.

பாவு பாதி முடிந்த தறியை ஓட்ட முடியாது. அண்ணன் நாடாவைக் கையில் எடுத்து, தறிக்கட்டையில் தட்டிக்கொண்டிருந்தார். அவர் நெய்கிற அதே வேகம், அதே இடைவெளி. கையில் நூல் இல்லை, துணி இல்லை. பொங்கல் நேரத்து அவசர வேலையைக் கீழே போட்டுவிட்டு ஒரு மனுஷர் வெறும் சத்தத்தை நெய்துகொண்டிருந்தார். நான் பாத்திரத்தை இறக்கி மூடினேன். தட்டைத் தூக்கவில்லை, எண்ணவில்லை, சுவரில் சாய்ந்து கேட்டுக்கொண்டு மட்டும் நின்றேன்.

சத்தம் நின்றது. எடுத்தேன், வடித்தேன், பாலை ஊற்றினேன். சீனி கொஞ்சம் கம்மி, லாரிக்காரர்களோடு குடித்துப் பழகிய நாக்கு அவருக்கு. இரண்டு ஆற்று. சேலைத் தலைப்பால் கிளாஸைப் பிடித்துக்கொண்டு தெருவைக் கடந்தேன்.

அப்பா அங்கேயே இருந்தார். கிளாஸைப் பார்த்தார், பெஞ்சைப் பார்த்தார். இது கடையின் பெஞ்சு, மகளின் வீடு இல்லை என்று மனசுக்குள் ஒரு முறை சரிபார்த்துக்கொண்டார் என்று நினைக்கிறேன். கை நீட்டி வாங்கினார். ஊதாமல் ஒரு வாய் குடித்தார். நான் அவர் முகத்தைப் பார்க்கவில்லை, கிளாஸைத்தான் பார்த்தேன். எனக்குப் பார்க்கத் தெரிந்தது அதுதானே. முக்கால் ஆனது. அரை ஆனது. நடுவில் நிறுத்தி, “என்னமோ தட்டுனாகளே பக்கத்து வீட்டுல, என்ன அது?” என்றார்.

“தறிப்பா.”

“ம்” என்றார். மிச்சத்தையும் குடித்தார்.

கிளாஸை என்னிடம் நீட்டினார். அடியில் ஒன்றும் இல்லை. மூன்று வருடத்தில் முதல் தடவையாக நிலைக்கதவையும் பலகையையும் விட்டுவிட்டு என்னை நேராகப் பார்த்தார். கண் கொஞ்சம் கலங்கியிருந்தது, டீயின் சூடாகவும் இருக்கலாம்.

“இன்னொன்னு கொண்டா” என்றார்.

“சரிப்பா.”

திரும்பி இரண்டு எட்டு வைத்திருப்பேன். பின்னாலிருந்து மறுபடி கூப்பிட்டார்.

“ரெண்டாக் கொண்டா. மாப்பிள்ள எம்புட்டு நேரந்தான் அந்தக் கொழாயடியில நிப்பாரு?”

நான் அழுதுகொண்டே உள்ளே ஓடி, தண்ணீரை அடுப்பில் ஏற்றினேன். தூளைப் போட்டேன். பொங்கி வந்ததை இறக்கி மூடியபோது, நான் சொல்லாமலேயே, சுவருக்கு அப்பால் நாடா தட்ட ஆரம்பித்தது.